ட்ரிப்ஸ் ஏறும்போது எழுதிய மொய்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள், வீட்டுக்காரரின் தங்கை, சமையல்காரர், மொய் எழுத உட்கார்ந்த பெரியவர், சாப்பிட்டு எழுந்த முதல் பந்தி.

ஊராருக்கு நாங்கள் செய்த மொய்யெல்லாம் திரும்பி வருவதற்காக, ஊர் வழக்கப்படி ஆடியில் வைத்த விருந்து அது. அந்தப் பணத்தில்தான் மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். மழை வருமோ, கறி பத்தாதோ, கேஸ் தீர்ந்துவிடுமோ என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. நடந்ததை மட்டும் நான் நினைக்கவே இல்லை.

கைகழுவப் போன நாத்தனார், "அண்ணி, ஏதோ மருந்து வாடை அடிக்குது" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்றவள் வாந்தியெடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பந்தியில் பாதி தரையில் கிடந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மொய்ப் பெரியவரும் நோட்டின்மேலேயே சாய்ந்துவிட்டார். சமையல்காரர் இலை போட்டு உட்கார்ந்து, "நானே திங்கிறேன், பாத்துக்கங்க!" என்று கறியை அள்ளி அள்ளித் தின்றார். யாரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் மொய் எழுதாமலே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ரோட்டில் போன வேன்காரர் ஒருவர்தான் விழுந்தவர்களை மூன்று நடையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, சாப்பாட்டில் குறையில்லை, காரணமும் தெரியவில்லை என்றார்.

"எல்லாரும் விழுந்தாங்க, பயந்தாங்கொள்ளி நீ மட்டும் எப்படிடி நிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

"விழ எங்கங்க நேரம்? ஃபீஸுக்கு என்ன பண்றதுன்னு நிக்கிறேன்."

வேன்காரரிடம் வாடகை கேட்டேன். "ஆயிரத்து ஐந்நூறு. கையில தராதீங்கக்கா, மொய்யா எழுதிக்கங்க. நான் விருந்து வைக்கிறப்ப செஞ்சாப் போதும்."

கட்டிலில் கிடந்த நாத்தனார் எழுந்தே விட்டாள். "முன்னப்பின்ன தெரியாத மனுசன் எழுதுறாரு, கூடப்பொறந்தவ நான் படுத்துக் கெடக்கவா? நோட்ட இங்கிட்டு கொண்டாங்க!"

"ட்ரிப்ஸ் ஏறுற கைய ஆட்டாதீங்கம்மா" என்று நர்ஸ் கத்தினாள்.

மகள் நோட்டோடு கட்டில் கட்டிலாகப் போனாள். செய்தி ஊருக்குப் போக, ஓடியவர்களும் சாயங்காலம் வெட்கத்தோடு வந்து எழுதினார்கள். ஃபீஸ் கட்டியாயிற்று.

வேன்காரர் விருந்து இரண்டு ஆடியாகத் தள்ளிப்போகிறது. அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: அவருக்கு நாம் செய்ய வேண்டியது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.