காராச்சேவுக்கு முன்னால் ஒரு போன்

இரண்டாவது நெய் ரோஸ்ட்டில் பாதியைத் தாண்டியபோதுதான் அது எனக்குப் பளிச்சென்று உறைத்தது: எனக்குப் பசிக்கவே இல்லையே! போன வருஷம் ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. திருச்செந்தூரில் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு சைவ ஓட்டல். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு இரண்டு இட்லியோடு கை கழுவிவிட்டு, என்னைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். எனக்கு நல்ல வேலை கிடைத்தால் என் எடைக்கு எடை வெல்லம் தருவதாக அம்மா முருகனிடம் வேண்டியிருந்தாள். வேலையும் கிடைத்தது. கம்பெனி சென்னையில், நான் பாளையங்கோட்டையில். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நேர்த்திக்கடனைச் செலுத்த நாள் வாய்ப்பதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வருஷ உட்காரலில் நான் என்ன ஆனேன் என்பதை அப்பா யோசிக்கவில்லை. காலேஜ் படித்த காலத்து என்னை மனதில் வைத்து, அதற்குமேல் கொஞ்சம் கூட்டியே வெல்லம் வாங்கி வந்திருந்தார்.

துலாபாரத்தில் என்னை உட்காரவைத்து, எதிர்த்தட்டில் வெல்லத்தை எல்லாம் ஏற்றினார்கள். என் தட்டு தரையை விட்டு அசைவதாக இல்லை. “வேற மூட்டை வண்டியில இருக்கா சார்?” என்று அங்கே நின்ற பணியாளர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினார். அவர் திரும்பும்வரை நான் சம்மணம் போட்டு அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்து நின்ற குடும்பத்தில் ஒரு சின்னப் பிள்ளை தன் அம்மாவிடம் கேட்டது:

“அந்த மாமா ஏம்மா மேலயே வரமாட்டேங்காவ?”

எனக்கு இருபத்தாறு வயது. மாமா என்றதற்கு வருத்தப்படுவதா, மேலே வரவில்லை என்றதற்கு வருத்தப்படுவதா என்றே தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பா பதறிப்போய், “எங்க சீனி மூட்டைய வேணும்னா இப்ப வச்சுக்கிடுங்க, நாங்க பொறவு வாங்கிக்கிடுதோம்” என்றார். நல்ல மனுஷன். அவர் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

கடைசியில் தட்டு எழும்பியது. நான் இறங்கினேன். சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். நேராக ஓட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட் சொன்னேன், இன்னொன்றும் சொன்னேன். எடை கூடியதற்கு அழுகை வந்தது, அந்த அழுகையை அடக்கத்தான் தின்றுகொண்டிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. யோசித்துப் பார்த்தால் மேலாளர் போனில் கடிந்துகொண்ட நாளெல்லாம் காராச்சேவு, நண்பன் கல்யாணத்துக்குக் கூப்பிடாத அன்றைக்குத் தேங்காய் பன், வெறுமனே பொழுது போகாத ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டுமே. கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

எனக்கு ஓர் எண்ணம் தோன்றிவிட்டால் அன்றைக்கே ஆரம்பித்தாக வேண்டும். ஊர் திரும்புகிற காரிலேயே எடை குறைக்கச் சொல்லித்தரும் மூன்று செயலிகளைப் போனில் ஏற்றினேன். சாயங்காலம் புது ஷூ. மறுநாள் விடியற்காலை வண்ணார்பேட்டை வழியாக ஆற்றுப் பாலம்வரை ஓட்டம். நண்பர்கள் சும்மா இருப்பார்களா? டீக்கடையில் ஒருத்தன், “ஏலே, பாலத்துல ஓடுதேன்னு சொல்லுதியே, பாலத்துட்ட கேட்டியாலே?” என்றான். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் மேலாளரிடமிருந்து போன் வந்தது. அந்தப் பேச்சு முடியும்போது காராச்சேவுப் பொட்டலமும் முடிந்திருந்தது.

இப்படியே ஓட்டமும் சேவுமாக ஆடி, ஆவணி போயிற்று. பிறகு ரத்தப் பரிசோதனை செய்ததில், சர்க்கரை எல்லையில் நிற்பதாக டாக்டர் சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. தினமும் சாப்பாட்டுக்கு முன் அப்பா சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டதற்குப் பட்டியல் சொன்னேன். எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மனநல ஆலோசகர் ஒருவரின் முகவரி கொடுத்தார். சாப்பாட்டோடு இப்படி மல்லுக்கட்டுகிறவர்களுக்காக அந்த அம்மா சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஒரு கூட்டம் நடத்துகிறாராம்.

மருந்துக்கடை ஒன்றின் மாடியில் அந்த அறை. தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறினேன். உள்ளே பத்துப் பேர் இருக்கலாம், எல்லோரும் பெண்கள். ஓர் ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்து, “யாரைக் கூப்பிட வந்திருக்கீங்க தம்பி?” என்றார். “நானேதான்” என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னதால் அது வேறு எதிரொலித்தது. அறையே சிரித்தது. டீக்கடைச் சிரிப்பு மாதிரி இல்லை அது. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஆலோசகர் சொன்னதில் ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது. வயிற்றுப் பசி பையப் பைய வரும், இட்லி கொடுத்தாலும் சரி, பழைய சோறு கொடுத்தாலும் சரி என்று சொல்லும். மனசுப் பசி திடீரென்று வந்து நின்று, காராச்சேவுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கும். அது வரும்போது அடக்கிப் போராட வேண்டாம், முதலில் ஒருவருக்குப் போன் போடுங்கள். பேசி முடித்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் சாப்பிடுங்கள் என்றார். அதற்காக இரண்டிரண்டு பேராக எங்களைச் சேர்த்துவிட்டார். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு போக்குவரத்துப் போலீஸ் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனதும் கை தானாகத் தட்டைத் தேடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்.

அவரிடம் போனில் பேசுவது என்றால் விசாரணைக்குப் போகிற மாதிரிதான்.

“எங்கன நிக்க?”

“சமாதானபுரத்துலக்கா. பேக்கரி வாசல்ல.”

“கையில என்ன?”

“ஒண்ணுமில்லக்கா.”

“உண்மையச் சொல்லு.”

“ஒரு தேங்கா பன்னு.”

“சரி, பன்னு எங்கயும் ஓடிப் போவாது. யாரு என்ன சொன்னா? அத முதல்ல சொல்லு.”

நான் கொட்டித் தீர்ப்பேன். அவர் ‘ம்’ கொட்டுவார். நடுவில் யாரையோ பார்த்து விசில் அடிப்பார். பாதி நாள் அந்தப் பன் பையிலேயே கிடந்து அப்பளமாகும். மீதி நாள் தின்றுவிடுவேன்தான். ஆனால் ஒன்றோடு நிற்கும். வருத்தம் எதற்கு என்று தெரிந்துகொண்டு தின்றால் அவ்வளவு தின்ன முடிவதில்லை என்பதை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் வழக்கம்போல எனக்குத் தலை கால் புரியவில்லை. உணவைப் பற்றி இணையத்தில் இருக்கிறதை எல்லாம் படித்தேன். கூட்டத்தில் ஆலோசகரைவிட நான்தான் அதிகம் பேசினேன்.

தசரா முடிந்த சமயம் ஒருநாள் சாயங்காலம் அந்த அக்கா கூப்பிட்டார். வழக்கமான அதட்டல் இல்லை. “தம்பி, நான் சாப்பிட்டாச்சு. நிறையச் சாப்பிட்டாச்சு. பொறவுதான் உன்னக் கூப்பிடணும்னு தோணுச்சு” என்றார்.

இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி நான் ஆரம்பித்தேன். என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். பரோட்டா என்றார். மைதா உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று விளக்கினேன். நாளைக் காலையில் எவ்வளவு தூரம் நடந்தால் அது கரையும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். இரவுக்கு வெள்ளரிக்காயும் மோரும் போதும் என்றேன். மூச்சு விடாமல் பேசினேன்.

“சரி தம்பி. நீ நல்லாப் படிச்சிருக்க” என்றார். போன் வைக்கப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. நான் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. அடுத்த வாரம் வேலையில் நடந்த ஒரு தவறுக்குப் பழி என் தலையில் விழுந்தது. நேராகப் பேக்கரி வாசலுக்குப் போய் நின்றுகொண்டு அவருக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலோசகரைக் கூப்பிட்டிருக்கலாம், அந்த ஆசிரியையைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு என்னமோ அந்த அதட்டல்தான் வேண்டியிருந்தது. யாரு என்ன சொன்னா என்று ஒருவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பன்னையும் ஒரு காராச்சேவுப் பொட்டலத்தையும் வண்டியில் உட்கார்ந்தே தின்றேன். மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு மென்றுகொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் கூப்பிட்டபோது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேனே தவிர, யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டை ரவுண்டானாவுக்குப் போனேன். அங்கேதான் அவருக்குப் பணி. தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். விசில் ஒன்று ஊதினார்.

“ஏ நீலச் சட்டை! வண்டிய ஓரங்கட்டு!”

ஓரங்கட்டினேன். விறைப்பாக வந்து நின்றார். “லைசென்ஸ எடு.”

“அக்கா, நான்...”

“சத்தம் போடாத. டூட்டில நிக்கேன். லைசென்ஸக் காட்டுத மாதிரி நில்லு. என்ன விஷயம்?”

லைசென்ஸை நீட்டினேன். “அன்னைக்கு யாருக்கா என்ன சொன்னா?” என்றேன்.

அவர் என் லைசென்ஸை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் அவ்வளவு நேரம் படிக்க ஒன்றுமே கிடையாது. பிறகு அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தசராக் கூட்டத்தில் ஒரே பைக்கில் மூன்று பையன்கள். இவர் கை காட்டி நிறுத்தப் போயிருக்கிறார். அவர்கள் வளைத்து ஓட்டிக்கொண்டு, முடிந்தால் ஓடிவந்து பிடி என்று உடம்பைச் சொல்லிக் கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றி நின்ற கூட்டம் சிரித்திருக்கிறது.

“நானும் சிரிச்சுக்கிட்டுதான் நின்னேன் தம்பி. வீட்டுக்குப் போயி பரோட்டாப் பொட்டலத்தப் பிரிக்கும்போதுதான் அழுகை வந்துச்சு.”

என் நாக்கு நுனியில் ஆறேழு ஆலோசனைகள் வரிசையில் நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை. துலாபாரத்தில் நான் உட்கார்ந்திருந்த கதையை மட்டும் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ‘மேலயே வரமாட்டேங்காவ’ என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டூட்டி என்பதால் தொப்பியைச் சரி செய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, டீக்கடையில் பாலத்திடம் கேட்கச் சொன்ன அதே நண்பன் பைக்கில் வந்தான். “மாட்டிக்கிட்டியாலே! இரு, உங்கம்மாட்ட சொல்லுதேன்!” என்று குஷியாகக் கத்தினான். அவன் தலையில் ஹெல்மெட் இல்லை.

“உன் கூட்டாளியா?” என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றேன். லைசென்ஸை என் கையில் திணித்துவிட்டு விசிலை வாயில் வைத்தார். அவன் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது.

கிளம்பும்போது, “சனிக்கிழம வருவீங்கள்லக்கா?” என்றேன்.

“வாரேன். ஆனா மைதான்னு வாயத் திறந்த, அதுக்கும் சேத்து பைன் போடுவேன், பாத்துக்க.”

வந்தார். இப்போதும் வருகிறார். என் பெல்ட்டுக்குப் புதுத் துளைகள் போட்டாயிற்று. சர்க்கரை எல்லையைவிட்டு இந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். இப்படியே போகச் சொல்கிறார். எல்லா வாரமும் ஒழுங்காக இருக்கிறேன் என்று சொன்னால் அது பொய். போன வாரம்கூட ஒரு பொட்டலம் திரைக்குப் பின்னால் குடியேறியது. நானே அக்காவைக் கூப்பிட்டு ஒப்புக்கொண்டேன். “எத்தன மணிக்கு, எந்தக் கடையில?” என்று ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஏதோ வகுப்புக்குப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் கம்பெனியில் என் வருஷாந்தர மதிப்பீடு. அது எப்படிப் போனாலும் சரி, முடிந்ததும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய், “அம்மா, இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கப் போகிறேன். அம்மா உடனே “தேங்காப்பால் ஊத்தி சொதி வைக்கட்டுமா?” என்றுதான் கேட்பாள். அப்போது என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷம் நான் தனியாக உட்கார்ந்து மென்று விழுங்கிய வருத்தங்களில் ஒன்றையாவது இந்த முறை அம்மா காதால் கேட்கட்டும், சொதி அதற்குப் பிறகு வரட்டும்.