காதுக்குள் உதிர்ந்த சுண்ணாம்பு

எங்கள் தொழிலில் கோளாறு இருப்பது காதில். நாங்கள் உற்றுப் பார்ப்பதோ கண்ணை. ராஜபாளையத்தில் ஒரு காது மருத்துவமனையில் தலைசுற்றலுக்குப் பரிசோதனை செய்கிறவன் நான். படுக்கையில் புரண்டதும் அறையே சுற்ற, கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கும் உண்டு. அப்படியானால் நாம் ஒரே கட்சி.

கண்ணை மூடாதீங்க!

மம்சாபுரத்துக் கொத்தனார் முருகேசனை அவர் மனைவி செல்வி கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு புது வீட்டுக்கு சீலிங் பூசும் வேலை. சாரத்தில் நின்று அண்ணாந்தால் உலகம் சுற்றுகிறது. "சாரம் ஏறலேன்னா எனக்கு வேற வேலை தெரியாது சார்" என்றார். ஏறினால் என்ன ஆகும் என்று செல்விக்குத் தெரியும். ஒரு வாரமாக அவரை வேலைக்கு விடவில்லை.

கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தேன். தலை விளிம்புக்குக் கீழே தொங்கியது. எல்லாரும் செய்கிற தப்பை அவரும் செய்தார்: கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணாச்சி, கண்ணைத் திறங்க! சாட்சியே அதுதான்!"

திறந்தார். மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஆரம்பித்தது பாருங்கள்! கருவிழி மேல்நோக்கித் துள்ளித் துள்ளி, தரைப்பக்கம் இருந்த காதை நோக்கிச் சுழன்றது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். அவரோ இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடத்தில் அடங்கியது. செல்வி கேட்டார்: "ஏங்க, சாரத்துல யாரு சட்டையப் பிடிப்பீக?"

டியூபும் மணலும்

என் மேசையில் வளையமாகச் சுற்றிய, கண்ணாடி போல் தெளிந்த பிளாஸ்டிக் டியூப் ஒன்று உண்டு. உள்ளே தண்ணீரும் கொஞ்சம் ஆற்று மணலும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே டியூப்தான். முருகேசன் முகம் மலர்ந்துவிட்டது.

காதுக்குள் ஒரு சிறு பை. அதில் பசை மெத்தை. மெத்தை மேல் மிக நுண்ணிய துகள்கள். அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை வைத்தே மூளை மேல் கீழ் அறிகிறது. பையை ஒட்டி மூன்று வளைந்த குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்புவதைச் சொல்வது அவற்றின் வேலை. துகள் உதிர்ந்து குழாய்க்குள் போய்விட்டால்? தலை சாய்ந்ததும் உருளும், திரவத்தையும் இழுக்கும். குழாய்க்குள் உள்ள மெல்லிய தடுப்பு வளையும். தலை சும்மா இருக்க, "சுழல்கிறது" என்று மூளைக்குப் பொய்த் தகவல் போகும்! துகள் உருண்டு நின்றதும் சுற்றலும் நிற்கும்.

"அந்தத் துகள் எதால ஆனது சார்?" என்றார் முருகேசன்.

"சுண்ணாம்புக்கல் எதால ஆனதோ, அதால."

டியூபைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர் சொன்னார்: "அம்புட்டுத்தானா? ஊரு வீட்டுக்கெல்லாம் பூசுதேன், எம் வீட்டுப் பூச்சு உதிந்துபோச்சே!"

பலகையும் படுக்கையும்

ஏன் உதிர்ந்தது? முருகேசன் யோசித்தார். செல்வி யோசிக்கவில்லை: "போன மாசம் சாரப் பலகை தலையில விழுந்துச்சே, அத யாரு சொல்லுவா?"

தலையில் அடி ஒரு காரணம்தான். வயதானாலும் உதிரும். பல பேருக்குக் காரணமே தெரியாது. அதே சுற்றலோடு அடுத்துக் காத்து உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர், தனக்கு அடியே படவில்லையே என்றார். கால் எலும்பு முறிந்து பல வாரம் படுத்தே இருந்தவர் அவர். நெடுநாள் படுக்கையும் ஒரு காரணமாகலாம் என்றேன். டீச்சர் பெருமூச்சு விட்டார்: "ஒடிஞ்சது காலு, லீவு போட்டது காதா சார்?"

நாலு திருப்பம்

முருகேசன் தலையை மறுபடி வலப்பக்கம் திருப்பி மல்லாக்கப் படுக்கவைத்தேன். சுற்றல் அடங்கியதும் தலையை இடப்பக்கம் திருப்பினேன். பிறகு உடம்போடு இடப்பக்கம் புரட்டி மூக்கைத் தரை பார்க்க வைத்தேன். கடைசியில் மெதுவாக எழுப்பினேன். குழாயின் வளைவில் உருண்டு உருண்டு துகள் பழைய பைக்கே திரும்ப வேண்டும், கணக்கு அவ்வளவுதான். செத்த நேரம் கழித்து மறுபடி சோதித்தேன். கருவிழி அசையவில்லை! கைதட்டத் தோன்றியது.

"நாளைக்கே சாரம் ஏறலாமா?" என்றார். சுற்றல் திரும்பி வரலாம். ஒரு வாரம் கழித்துச் சோதித்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் என்றேன். அவர் கெஞ்சலாக மனைவியைப் பார்த்தார். செல்வி சொன்னார்: "ஒரு வாரம் தரையில நில்லுங்க. ஆயுசுக்கும் ஏறலாம்."

அண்ணாந்து பார்த்தவர்

சொன்னபடி வந்தார். இரண்டு பக்கமும் சோதித்தேன்; கண் அசையவில்லை. டாக்டரும் சரி என்றார். கட்டிலைவிட்டு இறங்கி நின்றவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தியவர் அப்படியே நின்றார். செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் தோளைத் தாங்கிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, சுத்துதா?"

"சுத்தல சார். இந்த ரூம் சீலிங்க எவன் பூசுனான்? மட்டமே இல்லையே!"

அண்ணாந்து பார்க்கவைக்கப் பத்து நிமிடம் போதும் எங்களுக்கு. அண்ணாந்தவர் கண்ணில் படும் குறைகளுக்குத்தான் எங்களிடம் வைத்தியம் இல்லை.