குடைக்கம்பித் தண்டவாளம்

அந்த மனிதரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் அவர் மரவேலை கற்றுத்தரும் தொழிலாசிரியர், நான் அறிவியல் ஆசிரியை. ஆசிரியர் அறைப் பானையின்மேல் இருந்த டம்ளரில் நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்த மறுநாளிலிருந்து அவர் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தப் பாட்டில் எதற்கு என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் இருவரையும் ஒரே மேஜைக்கு முன்னால் நிறுத்தியவர் தலைமையாசிரியை. மாவட்டக் கண்காட்சிக்கு நம் பள்ளியிலிருந்து பெரிதாக ஏதாவது போக வேண்டும், மின்சாரத்தை நீங்கள் பாருங்கள், மரத்தை அவர் பார்ப்பார் என்றார். நான் ரயில் செய்யலாம் என்றேன். என் அப்பா சின்னசேலத்தில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். பாதையை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். கள்ளக்குறிச்சிக்கோ ரயிலே கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் வரும் என்பார்கள், அதோடு சரி. அந்த வராத பாதையைச் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை, பின்னணியில் கல்வராயன் மலையோடு ஓட்டிக் காட்டிவிடலாம் என்று சொன்னேன்.

"ஓடுமா?" என்று மட்டும் அவர் கேட்டார். செய்ய முடியாது என்று அவர் முகம் சொன்னது. அந்த முகத்துக்காகவே செய்து முடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். மீட்டர்கேஜ் பாதை அப்போது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வந்தது. தண்டவாளத்துக்குப் பழைய குடைகளின் கம்பிகள். பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு வாங்கி வந்தார்கள். அடியில் வரும் குறுக்குக்கட்டைகளுக்கு மூங்கில் சிம்பு. எஞ்சினுக்குள் டேப்ரெக்கார்டர் மோட்டார், மேலே பால்பவுடர் டப்பாத் தகரம். சக்கரங்களை மட்டும் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினேன். நான்கு மாதம் மாலை வேளைகளில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தோம். "அந்த ரம்பம்", "இந்தக் கம்பி" என்பதற்கு மேல் பேச்சு இருக்காது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் கை சுத்தமான கை. கல்வராயன் மலையைப் பார்க்காதவர்கள் மலை என்றதும் கூம்பாகச் செய்துவிடுவார்கள். அவர் அதன் தட்டையான தலையை அப்படியே கொண்டுவந்தார். வலைக்கம்பிமேல் காகிதக்கூழ் அப்பி, காய்ந்தபின் உளியால் செதுக்கினார். வெள்ளிமலைப் பக்கம் மழைக்காலத்தில் விழும் நிழல்கூட அதில் இருந்தது. மரங்களுக்குப் பீர்க்கங்கூட்டைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் நனைத்து ஒட்டினார். நான் பாராட்டவில்லை. எஞ்சின் முதல்முறை வளைவில் தடம் புரளாமல் திரும்பியபோது அவரும் பாராட்டவில்லை.

சண்டை வீடுகளில் வந்தது. கள்ளக்குறிச்சி ஸ்டேஷனுக்கு முன்னால், பாதையை ஒட்டி, ஒரு காலனி இருக்க வேண்டும் என்றேன். பன்னிரண்டு கூரை வீடு, ஒரு சின்ன மாதா கோயில். "அழகா கெடக்குற எடத்துல அது எதுக்கு டீச்சர்?" என்றார். பாதை போட்டவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று சார் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். பன்னிரண்டு வீடும் செய்தார். கோரைப்புல்லைச் சீவி ஒரே அளவில் வேய்ந்திருந்தார். வேண்டாவெறுப்பாகச் செய்த வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போதுதான் ஊர்கள்தோறும் அவருடைய சாதிக்கு ஒதுக்கீடு கேட்டுக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அவருடைய தம்பிக்கு நல்ல மதிப்பெண் இருந்தும் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கவில்லை. ஒருநாள் மலைக்கு வண்ணம் பூசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"உங்களுக்கு இருக்குது டீச்சர். உங்கப்பாரு தண்டவாளத்துல இருந்தாரு, நீங்க டீச்சர் ஆயிட்டீங்க. எங்காளு இன்னும் ஏரு ஓட்டிக்கினுதான் இருக்கான்."

"உங்காளு ஓட்ற ஏருக்குப் பின்னாடி நாத்து நடறது யாருங்க சார்?" என்றேன். அவர் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

அந்த ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் தொடங்கிய அன்று நான் கடலூரில் ஒரு பயிற்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். உளுந்தூர்பேட்டைக்கு வெளியே பஸ் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே புளியமரம் விழுந்து கிடந்தது, அதற்கப்பால் இன்னொன்று. கோடாரியும் கையுமாக நின்ற கூட்டத்தில் அவர் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, சட்டை முழுக்க மரத்தூள். என்னைப் பார்த்ததும் கோடாரியைக் கீழே போட்டுவிட்டு வந்து கிளைகளை விலக்கினார்.

"இப்படிக்கா வாங்க டீச்சர். பைய குடுங்க."

பையைக் கொடுக்கவில்லை. நானே தாண்டினேன். அப்போது பிற்பகல் இரண்டு மணி இருக்கும். மூன்று நாள் உளுந்தூர்பேட்டையில் கன்னியாஸ்திரிகள் மடத்தில் தங்கினேன்.

அதே பிற்பகலில் சின்னசேலத்துக்குப் பக்கத்தில் என் அத்தை இருந்த காலனியைக் கொளுத்திவிட்டார்கள் என்று ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். உயிர்ச்சேதம் இல்லை. குதிரில் இருந்த நெல் கரிந்து, வறுத்த அரிசி வாசனை தெருவெங்கும் அடித்தது. அத்தை ஒரு தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். எதை எடுத்துக்கொண்டு ஓடினாய் என்று கேட்டேன். "ஆட்டுக்குட்டிய" என்றார்.

பள்ளி திறந்ததும் மரவேலை அறைக்குப் போனேன். மேஜைமேல் ஸ்டேஷன் இருந்தது, பாதை இருந்தது. காலனி இருந்த இடத்தில் அழகான கரும்புத் தோட்டம் இருந்தது. துடைப்பக்குச்சியில் செய்து, பச்சை பூசி, வரிசை வரிசையாக நட்டிருந்தார்.

தலைமையாசிரியையிடம் போனேன். இந்த நேரத்தில் வம்பு எதற்கு, வீடுகளை எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது என்றார். நான் திரும்பி வந்து மேஜைக்கு அடியில் புகுந்து, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் ஒயரைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அடியில் இருந்த இணைப்புகள் என்னைத் தவிர யாருக்கும் புரியாது.

பள்ளியில் மூன்று நாள் கண்காட்சி வைத்துவிட்டுப் பிறகு மாவட்டத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. முதல் நாள் காலை அவர் சுவிட்சைப் போட்டார். வண்டி நகரவில்லை.

"வூடு வெச்சாதான் வண்டி ஓடுமா?" என்றார்.

"ஆமாங்க சார்."

என்னை நேராகப் பார்த்தார், அந்த வருடத்தில் முதல்முறையாக. பிறகு தன் அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பன்னிரண்டு வீடும் கோயிலும் ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒரு கூரைகூடக் கலையவில்லை. கரும்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீடுகளை ஒட்டினார். நான் ஒயரைப் பொருத்தினேன். வண்டி ஓடியது.

மறுநாள் அவருடைய ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். மலையைப் பார்த்துச் சிரித்தார்கள், எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் குனிந்து பார்த்து, ஸ்டேஷன் ஊருக்கா காலனிக்கா என்று கேட்டார். கட்டைவிரலை ஒரு கூரையின்மேல் வைத்து அழுத்தினார். பிறகு அடுத்தது. பிறகு மூன்றாவது. அப்பளம் நொறுங்குகிற சத்தம். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் மரவேலை சாரைப் பார்த்தேன். தன் கையால் வேய்ந்த கூரைகள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்து நின்றார். பாட்டில் தண்ணீரைவிட, கரும்பைவிட, அந்த நிற்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் போலீஸ்காரர்கள் பள்ளிக்கு வந்து, மறியலில் கலந்துகொண்ட ஊழியர்கள் யார் என்று விசாரித்தார்கள். தலைமையாசிரியை அவர்கள் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டு, மரவேலை சாரைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். கோடாரியோடு பார்த்தேன் என்றேன். எங்கே, எத்தனை மணிக்கு என்று நான் சொல்லவில்லை. போலீஸ்காரர்களும் கேட்கவில்லை. அவரை அழைத்துப் போய், என் அத்தையின் காலனியைக் கொளுத்திய வழக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்தப் பிற்பகலில் அவர் அங்கே இல்லை என்று கண்ணால் பார்த்த ஆள் நான். வாயைத் திறக்கவில்லை. எரிந்த நெல்லின் வாசனை நெஞ்சில் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அங்கே இருந்தவை கட்டைவிரலில் நொறுங்கிய அந்த மூன்று கூரைகள்தான்.

மாவட்டக் கண்காட்சிக்கு நான் தனியாகக் கொண்டுபோனேன். லாரி குலுக்கலில் மலை வெடித்தது. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் மரம் தூக்கிக்கொண்டு, வண்டி ஒவ்வொரு சுற்றிலும் அங்கே கவிழ்ந்தது. எங்கே சீவ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நடுவர்கள் வந்த நேரத்தில் எஞ்சினைக் கையால் தள்ளிக் காட்டினேன். அவர்கள் எழுதிக்கொள்ளாமலே அடுத்த மேஜைக்குப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து ஜாமீனில் வந்தவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்று வெடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"நான் மரம் வெட்டனேன் டீச்சர். வூடு கொளுத்தல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினுதான் சும்மா இருந்தீங்க."

"நீங்களும் சும்மாதான் இருந்தீங்க. என் எதிர்லயே."

மலையை அவர் சரிசெய்யவில்லை, நான் கேட்கவும் இல்லை. கோடை விடுமுறையில் பலகைகளைப் பிரித்து ஆய்வகத்துக்கு அலமாரித் தட்டு அடித்துவிட்டார்கள்.

வழக்கு பல வருடம் இழுத்தது. அவருக்குப் பதவி உயர்வு நின்றுபோனது. கடைசியில் அவருடைய வக்கீல் என்னைச் சாட்சியாகப் போட்டார். போக வேண்டாம் என்று அத்தை சொன்னார். நம் வீட்டைக் கொளுத்தியவர்களுக்கா சாட்சி சொல்லப் போகிறாய் என்று கேட்டார். இவர் கொளுத்தவில்லை அத்தை என்றேன். அத்தை மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

விழுப்புரம் கோர்ட்டில் கூண்டில் ஏறி, உளுந்தூர்பேட்டை, பிற்பகல் இரண்டு மணி, விழுந்து கிடந்த மரம், கிளைகளை விலக்கியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கோபம் என்றேன். நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

அவரை விடுவித்தார்கள். வெளியே வந்து அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். மாலையில் கள்ளக்குறிச்சிக்கு இருந்தது ஒரே பஸ். அவர் முன்வாசலில் ஏறினார், நான் பின்வாசலில் ஏறினேன். ஊர் வரும்வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.