பலாமரத்துக்கு வைத்த பெருங்காயம்

புதூர்நாட்டுச் சந்தையில் கட்டிப் பெருங்காயத்தை உடைக்கும் வாசம் வந்தாலே நான் அப்படியே நின்றுவிடுவேன். இலங்கையில் எங்கள் வீட்டை விட்டு ஓடி வந்த அன்று என்னைப் பிடித்திருந்த அம்மாவின் கையில் அந்த வாசம்தான் இருந்தது. அண்ணனை ஆமிக்காரர்களிடம் காட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரன் எங்கள் வீட்டில் குடியேறக் காத்திருந்தான். எங்கள் கிணற்றடிப் பலாமரத்தில், எறும்பு ஊரும் சொரசொரத்த பட்டையைத் துளைத்து, வடிந்த பாலோடு பாலாகப் பெருங்காயத்தைத் திணித்து, மேலே சாணம் பூசிக்கொண்டே அம்மா சொன்னாள்: "ஒரு சுளையும் அவன்ரை வாயிலை படக்கூடாது, பிள்ளை."

அப்படி வைத்தால் மரம் பட்டுப்போகும் என்பார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, அகதி முகாமில் வளர்ந்து, இந்தப் புதூர்நாட்டு மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும், அது பட்டதோ இல்லையோ என்ற கவலை என்னை விட்டதில்லை.

நேற்று ஊரிலிருந்து ஒரு படம் வந்தது. அவன் பேரப்பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் அந்த மரம் அடியிலிருந்தே காய்த்துத் தொங்குகிறது.

"இன்னாக்கா, இம்மாம் பெரிய கட்டி? வூட்ல கல்யாணமா?" என்றார் இன்று சந்தையில் பெருங்காயம் நிறுத்த கடைக்காரர்.

"இல்லப்பா. அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். அங்க ஒரு மரத்துக்கு எங்கம்மா கொஞ்சமா வெச்சிட்டாங்க."