மேளம் நின்ற பிறகும் எழுந்த கால்

எங்கள் வீட்டில் ஒரு நாட்டியக்காரி இருக்கிறாள். வெள்ளைப் பெண் குதிரை. வயது இருபதைத் தாண்டிவிட்டது. கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, காதுகுத்து என்று பெரம்பலூர், அரியலூர் பக்கம் யார் கூப்பிட்டாலும் என் கணவர் அவளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். முன்னங்கால்களில் சலங்கை கட்டி, மேளம் ஆரம்பித்துவிட்டால் போதும், இடது, வலது என்று கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடுவாள். அவர் லகானைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. ஆனால் வீட்டுக்கு வந்து அவர் பேசுவதைக் கேட்டால் அவரே சலங்கை கட்டி ஆடிவிட்டு வந்தது போல இருக்கும்.

போன வருஷம் மாசியில் லப்பைக்குடிக்காட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை துபாயில் வேலை பார்ப்பவர். ஊர்வலம் முடிந்த மறுநாள் அவருடைய தகப்பனார் என் கணவரின் போனுக்கு ஒரு வீடியோவும், கூடவே தன் குரலையும் அனுப்பியிருந்தார்.

"மாஷா அல்லாஹ், மேளம் நின்னதுக்கு அப்புறமும் உங்க குதிரை ஆட்டத்த நிறுத்தலைங்க. பாத்தவங்கல்லாம் அசந்துட்டாங்க."

இவருக்குக் கால் தரையில் படவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே நானும் ஒரு தடவை பார்த்தேன். பிறகு வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

மேளம் நின்றதும் அவளுடைய வலது கால் ஊன்றிவிட்டது. இடது கால் மட்டும் எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. ஆடும்போது அவள் காதுகள் எப்போதும் மேளத்தின் பக்கம் நிமிர்ந்திருக்கும். இதில் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. கண்ணுக்கு மேலே தோல் சுருங்கி ஒரு மடிப்பு விழுந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இவரிடம் சொன்னேன். "வயசாயிடுச்சுல்ல. ஒங்கம்மாகூடத்தான் பஸ் ஸ்டாண்டுல கால மாத்தி மாத்தி நிக்கிறாங்க" என்றார். என் அம்மாவை இழுக்காமல் அவருக்கு எந்தப் பேச்சும் முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் இன்னொரு ஊர்வலத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். காலில் ஏதாவது இருந்து, மேலே ஒரு மாப்பிள்ளையையும் ஏற்றித் தார் ரோட்டில் ஆட விட்டால் என்ன ஆகும்? மாட்டைப் போலக் குதிரையைப் படுக்கப் போட்டு வைத்தியம் பார்க்க முடியாது. அதற்குக் கால் போனால் உயிரே போன மாதிரிதான்.

அன்றிலிருந்து அவளையே கவனித்தேன். நொண்டவில்லை. கூப்பிட்டால் வந்தாள். உயரத்தில் மாட்டிய வாளியிலிருந்து ஊறவைத்த கொள்ளை ஒரு மணி விடாமல் தின்றாள். ஆனால் தரையில் போட்ட புல் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. பல்லில் ஏதாவதா என்று பார்த்தால், கொள்ளையே கடிக்கிறவளுக்குப் புல் ஒரு பொருட்டா? அந்தப் புல்லை அள்ளி வாளியில் போட்டேன். அதையும் தின்றாள். அப்படியென்றால் சங்கடம் வாயில் இல்லை, குனிவதில்தான். குனிந்தால் உடம்பின் பாரமெல்லாம் முன்னங்கால்களில் இறங்கும்.

பக்கத்தில் போய் நின்று பார்த்தால் நான்கு கால்களையும் ஒழுங்காக ஊன்றி நின்றாள். கள்ளி, ஆள் பார்த்து நிற்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். பரணிலிருந்து சலங்கைகளை எடுத்து வந்து இரண்டு முன்னங்கால்களிலும் கட்டிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். மேளம் இல்லாமல் அவள் ஆடமாட்டாள். அதனால் சலங்கை சத்தம் போட்டால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு ஜல். சற்று இடைவெளி விட்டு இன்னொரு ஜல். ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தேன். இடது காலைத் தூக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்து நின்றுகொண்டிருந்தாள். வலது கால் அசையவே இல்லை. நான் கொட்டகை வாசலுக்குப் போய்த் தலையைக் காட்டியதும் இடது காலை முழுசாக ஊன்றிவிட்டாள். காதுகளை நிமிர்த்தி, ஒன்றுமே நடக்காதவள் போல என்னைப் பார்த்தாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் இரண்டு குளம்புகளிலும் கை வைத்துப் பார்த்தேன். வலது குளம்பு சில்லென்று இருந்தது. இடது குளம்பு சூடு. இவருடைய கையையும் இழுத்து வைத்தேன். அதற்குப் பிறகு அவர் என் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. போனை எடுத்துக் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் அவளை நடக்க வைத்து, வட்டமாகத் திருப்பி, கணுக்காலுக்குக் கீழே விரலை வைத்து நாடி பார்த்தார். இடது காலில் நாடி தெறித்தது. லாடத்தைக் கழற்றச் சொல்லி, குளம்பின் அடியை இடுக்கியால் இடம் இடமாக அழுத்தினார். ஓர் இடத்தில் அவள் காலை வெடுக்கென்று இழுத்தாள். அங்கே ஒரு கறுப்புக் கீறல். கத்தியால் மெல்லத் தோண்டினார். கறுப்பாகச் சீழ் வழிந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதோடு சுண்ணாம்புக்கல் துணுக்கு ஒன்றும் வந்தது. சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரிகள் எங்கள் ரோடெல்லாம் சிந்திவிட்டுப் போகிற கல்தான். எப்போது உள்ளே போனதோ, கொஞ்சம் கொஞ்சமாகச் சீழ் கட்டியிருக்கிறது. இன்னும் ஓர் ஊர்வலம் போயிருந்தால் எலும்பு வரைக்கும் போயிருக்கும் என்றார்.

இத்தனை நாள் இவள் ஏன் நொண்டவே இல்லை என்று கேட்டேன்.

"குதிரை வலிய வெளியில காட்டாதும்மா. நொண்டுனா வேட்டையாடுற மிருகம் அதத்தான் மொதல்ல அடிக்கும். அந்தப் பயம் ரத்தத்துலயே இருக்கு. மறைக்கறதுக்கு ஒரு எடம் தேடும். இதுக்கு ஒங்க மேளம் கெடச்சிருக்கு."

கால் ஊன்ற முடியாத குதிரை. மேளம் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காலைத் தூக்கிக்கொள்ளலாம், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வலியைத் தாளத்துக்குள் வைத்து ஆடியிருக்கிறாள். மேளக்காரர் நிறுத்திய பிறகுதான் அவளுக்கு ஒளிய இடமில்லாமல் போயிருக்கிறது. நாங்கள் அதற்குத்தான் அதிகமாகப் பெருமைப்பட்டோம். வாயில்லா ஜீவன் என்று சொல்கிறோமே, அதற்குள் இவ்வளவு பெரிய மனசும் இவ்வளவு பெரிய ரகசியமும் இருக்குமா? இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

சீழ் வடிந்ததும் அவள் நீளமாக மூச்சை விட்டு, தலையை இறக்கி என் தோளில் வைத்தாள். பாரம் தாங்காமல் நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். இவர் அரியலூர்க்காரருக்குப் போன் போட்டு வேறு குதிரை பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த வீடியோவை அதற்குப் பிறகு யாருக்கும் காட்டவில்லை. புண் ஆறிவிடும், ஆனால் இந்த வயதில் இனி தார் ரோட்டில் ஆட வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சித்திரையில் ஒரு சாயங்காலம். சாமி ஊர்வலம் எங்கள் தெருவழியாகப் போனது. நான் கொட்டகையில் வாளியில் புல் போட்டுக்கொண்டிருந்தேன். மேளச் சத்தம் கிட்டே வந்ததும் அவளுடைய இடது கால் எழுந்தது. அது இறங்கியதும் மண்டியிட்டுக் குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தால், காதுகள் இரண்டும் தெருப்பக்கம் நிமிர்ந்திருந்தன. அதற்குள் வலது காலும் எழுந்தது.

இவர் தடுக்க ஓடி வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மண்தரைதான், முதுகில் யாரும் இல்லை, லகானும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் பாட்டுக்கு ஆடினாள். மேளம் தெருமுனையில் நின்றது. அவளும் நான்கு கால்களையும் ஊன்றி நின்றாள்.