ஃப்ளோரன்ஸ் அக்கா டெண்டர் போட்ட கதை

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் பிரவுசிங் சென்டர் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. சாதிச் சான்று, பட்டா, ரயில் டிக்கெட் என்று தினமும் நூறு பேர் வந்து போகிறார்கள். அவர்களில் என்னைத் தலைகீழாக நிற்க வைத்தவர் ஒரே ஒருவர்தான், சேவூர் ஃப்ளோரன்ஸ் அக்கா. அவரைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாலே எனக்குச் சந்தோஷமும் வரும், கோபமும் வரும். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. பட்டு நெய்யும் வீட்டில் பிறந்து, பட்டு நெய்யும் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவர். தறியில் உட்கார அவருக்குப் பொறுமை கிடையாது. ஒரு தையல் மெஷினில் ஆரம்பித்து இன்று ஒன்பது மெஷின், ஒன்பது பெண்கள். அரசு ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பு, தலையணை உறை, பச்சைத் திரை, எல்லாம் தைப்பார்கள். ஆனால் ஒன்றுகூட அவர் பெயரில் போகாது. சேத்துப்பட்டு கான்ட்ராக்டர் துரைக்கண்ணு டெண்டர் எடுப்பார், அக்கா வெட்டித் தைத்து மூட்டை கட்டி டெண்டர் விட்ட அலுவலகம் வரை கொண்டுபோய் இறக்குவார், காகிதத்தில் துரைக்கண்ணு பெயர் இருக்கும். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது.

போன வருடம் துரைக்கண்ணு, "இனிமே பெரிய யூனிட்டுக்கு குட்த்துடலாம்னு கீறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானமே அக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அமலா, அவரு எப்டி டெண்டர் போடறாரோ, அதே மாரி எனக்கும் போட்டுக் குடு."

"இது இன்னா ரேஷன் கார்டாக்கா, பேரு சேக்கறதுக்கு? டெண்டர் பேப்பரே அறுவத்திரெண்டு பக்கம் கீது!"

"இருந்தா இன்னா? நீ படி, நான் கேக்கறேன். இந்த தபா வுட்டா ஒம்போது மெஷினும் சும்மாதான் நிக்கும். அந்தப் பொண்ணுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவை அரை மணி நேரத்தில் முடித்தோம், பைசா செலவில்லை. குறுந்தொழில் என்று அந்தச் சான்று சொன்னதால் டெண்டருக்கு முன்பணம் கட்டத் தேவையில்லை, முன் அனுபவச் சான்றும் வேண்டாம் என்று அந்த டெண்டரிலேயே போட்டிருந்தது. அதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தியேவிட்டேன். டிஜிட்டல் கையெழுத்துக்குப் பென் டிரைவ் மாதிரி ஒன்று தபாலில் வந்தது. அக்கா அதை ஜெபமாலை வைக்கும் பர்ஸில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

டெண்டரில் இரண்டு உறை, இணையத்தில் ஏற்றுவதற்கும் உறை என்றுதான் பெயர். முதல் உறையில் சான்றுகளும் சாம்பிள் துணியும். இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவர்களுக்குத்தான் இரண்டாவதைத் திறப்பார்கள். முதல் உறையில் எங்கேயாவது விலை கண்ணில் பட்டால் டெண்டர் அங்கேயே தள்ளுபடி. இதைப் பத்துத் தடவை சொன்னேன். அக்காவும் பத்துத் தடவை தலையை ஆட்டினார்.

விரிப்பு ஒன்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். துணி, நூல், கூலி, வண்டி என்று அக்கா நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த விலை. அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். புதன்கிழமை சான்றுகளையும் விலையையும் இணையத்தில் ஏற்றினோம். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கெடு. அதற்குள் சாம்பிளை மாவட்டத் தலைநகரில் இருக்கும் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஒன்றே கால் மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

"அமலா, குட்த்துட்டேன்! ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு வந்துகினு கீறேன். பஸ்ஸு போளூர் வந்துடுச்சி!"

"சூப்பர்க்கா! கவரு நல்லா ஒட்டனீங்களா?"

"பக்காவா ஒட்டினேன். உள்மடிப்புல சீட்டுகூட மறக்காம குத்தி வச்சேன்."

"இன்னா சீட்டு?"

எங்கள் ஊரில் தறி வீட்டிலிருந்து கடைக்குப் போகும் புடவை வெறுமனே போகாது. உள்மடிப்பில் ஒரு துண்டுச் சீட்டு குண்டூசியில் குத்தியிருக்கும். நீளம், எடை, விலை. சின்ன வயதிலிருந்து ஆயிரக்கணக்கான புடவைகளுக்கு அக்கா அந்தச் சீட்டைக் குத்தியிருக்கிறார். துணி என்றால் சீட்டு, அவ்வளவுதான். கை தானாகவே செய்துவிடும்.

"அக்கா, அதுல விலை எழ்தினீங்களா?"

"ஐயோ மாதாவே!"

"எறங்குங்க! அங்கியே எறங்குங்க! ஜல்தி எதுர் பஸ்ஸ புடிங்க!" நான் போட்ட கூச்சலில் ஆதார் பிரிண்ட் எடுக்க வந்த பெரியவர் வாசலுக்கே போய்விட்டார். பத்துத் தடவை சொன்னேனே என்று மேஜையில் ஓங்கிக் குத்தினேன். குத்தி என்ன ஆகப்போகிறது? அறுபத்திரண்டு பக்கத்தையும் மறுபடி திறந்தேன்.

பத்தொன்பதாம் பக்கத்தில் கிடைத்தது. கெடு முடியும் முன், எழுத்து மூலம் கேட்டு, கொடுத்ததைத் திரும்பப் பெற்று மாற்றித் தரலாம். அடித்துப்பிடித்துக் கடிதம் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அக்கா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி உள்ளே ஓடியபோது மணி இரண்டு முப்பத்தைந்து.

எழுத்தர் காத்தவராயன் அசையவில்லை. "உள்ள வந்தது வந்ததுதாம்மா. வெளிய போகாது."

அக்கா என்னை ஸ்பீக்கரில் போட்டார். "சார், உங்க டெண்டர்லயே பத்தொம்போதாம் பக்கம் பாருங்க சார். மூணு மணி வரிக்கும் எங்களுக்கு உரிமை கீது!" என்றேன். அவர் பக்கம் புரட்டும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது. அப்புறம் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனார். இரண்டு நாற்பத்தைந்துக்கு அனுமதி வாங்கி வந்து பார்சலைக் கையில் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தானா துரைக்கண்ணு தன் சாம்பிளோடு வர வேண்டும்!

"இன்னா ஃப்ளோரன்ஸு, நீயுமா? துணி எதுனா டேமேஜா? பிரி, பாக்கலாம்."

அவர் கண்ணில் அந்த விலை பட்டால் முடிந்தது கதை. மூன்று மணி வரை இணையத்தில் அவரும் தன் விலையை மாற்றலாம். ஒரு போன் போட்டால் போதும். அக்கா படிக்கட்டு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பார்சலைப் பிரித்தார். குண்டூசியைப் பிடுங்கினார். சீட்டை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டார்!

"குப்பக் கூடையில போட்டா அவரு எட்த்துப் பாப்பாரு அமலா" என்று அப்புறம் என்னிடம் சொன்னார். புதிதாக டேப் ஒட்டி, ரிஜிஸ்டரில் மறுபடி கையெழுத்துப் போட்டபோது இரண்டு ஐம்பத்து நான்கு. அந்தச் சாயங்காலம் நான் அவரைத் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து விலை உறை திறந்தார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் தேறியிருந்தார்கள், அக்காவும் ஒருவர். ஒன்பது பெண்களும் என் சென்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "பேஜாரு புடிச்ச நெட்டு!" என்று அவர்களில் ஒருத்தியான சின்னபொண்ணு என் நாற்காலியைப் பிடித்து உலுக்கினாள். பட்டியல் வந்தது. மூன்றாவது யாரோ, நானூற்று நாற்பத்தெட்டு. இரண்டாவது துரைக்கண்ணு, நானூற்றுப் பதினைந்து. முதலாவது ஃப்ளோரன்ஸ் தையலகம், சேவூர்.

மூன்று ரூபாய்! வெறும் மூன்று ரூபாய்! சின்னபொண்ணு போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் ஓடி வந்தார். நான் யாரையோ கட்டிப்பிடித்து அழுதேன், யாரை என்று ஞாபகமில்லை. அக்கா மட்டும், "கம்மியா போட்டவங்களுக்குத் தானே? நான் தானே கம்மி?" என்று மூன்று தடவை கேட்டார்.

ஒப்பந்தம் எழுதும் நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காத்தவராயன் முத்திரைத்தாளை மேஜையில் விரித்து, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"ஒப்பந்ததாரர் வந்து கையெழுத்து போடுங்க."

அக்கா சட்டென்று மேஜையை விட்டு ஒதுங்கி நின்றார். வாசலைப் பார்த்தார். ஒன்பது வருடமாக இந்த மாதிரி அறைகளில் மூட்டையை இறக்கிவிட்டு அப்படித்தான் ஒதுங்கி நின்றிருக்கிறார், பின்னாலிருந்து துரைக்கண்ணு வருவதற்கு வழி விட்டு. இப்போது பின்னால் யாருமே இல்லை. அவர் கையை நறுக்கென்று கிள்ளினேன்.

"யாருங்க ஒப்பந்ததாரர்?" என்று காத்தவராயன் நிமிர்ந்தார்.

"நான்தாங்க" என்றார் அக்கா, மெதுவாக. உடனே மறுபடியும், பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு, "நான்தாங்க!" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக முழுப் பெயரையும் எழுதினார். எழுதி முடித்தும் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இன்னும் எத்தினி எடத்துல போடணும் சார்?" என்று கேட்டார்.