கியூவில் வந்த இரண்டாவது கோரிக்கை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பட்டப்பகலில், என் கண்முன்னால் நடந்தது இது.

டிஸ்க் டிரைவர் எழுதுவது என் வேலை. அக்காவைக் கேட்டால் ஏதோ வண்டி ஓட்டுகிறேன் என்பாள். கம்ப்யூட்டர் 'படி', 'எழுது' என்று கேட்பதையெல்லாம் கியூவில் நிறுத்தி, ஒவ்வொன்றாக டிஸ்க்குக்கு அனுப்பும் புரோகிராம் அது. முடியாததை 'எரர்' சொல்லி வெளியே தள்ளிவிடும்.

அக்காவின் ஒரே மகள் சிட்டு. ஒன்பது வயது. போய்ச் சேர்ந்து மூன்று மாதம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்கென்று வீட்டுக் கம்ப்யூட்டரில் பதினான்கு விநாடி ஏதோ பேசிப் பதிவு செய்திருந்தாள். அக்கா கேட்பதற்குள் டிஸ்க் படுத்துவிட்டது.

"அவ என்னடா சொன்னா? அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

"பார்க்கறேன்க்கா. நீ உட்காரு."

மதியம் 2:40. ஆபீசில் நாங்கள் இருவர்தான். டிஸ்க்கை மாட்டினேன். கியூவில் என்னுடைய ஒரே ஒரு 'படி'.

கிர்ர்... டக்.

2:43. கியூவில் இரண்டு.

இரண்டாவது, 'எழுது'. நான் கேட்கவே இல்லை. வேறு எந்தப் புரோகிராமும் ஓடவில்லை. மேலே எதையாவது எழுதிவிட்டால் பிள்ளையின் குரல் அழிந்துவிடுமே! எரர் கொடுத்துத் தள்ளினேன்.

திரும்ப வந்தது.

தள்ளினேன். வந்தது.

கிர்ர்... டக். கிர்ர்... டக்.

"என்னடா சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா."

மறுபடி தள்ளினேன்.

பதினொரு தடவை...

2:51. அப்புறம் வரவில்லை.

குரல் கிடைத்தது. "அம்மா, நீ அழாத. நான்..." அதன்பின் ஒன்பது விநாடி ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் டிஸ்க் செத்திருந்தது. கடைசியில், "...சரியாம்மா?"

"சரிடா கண்ணு, சரி" என்றாள் அக்கா, கம்ப்யூட்டரைப் பார்த்து. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள், தள்ளிய கோரிக்கைகளைக் குறித்து வைக்கும் எரர் லாக்கைப் பார்த்தேன். அந்த 'எழுது' போகப் பார்த்த இடம், சிட்டுவின் பேச்சு விட்டுப்போன அதே இடம். அளவும் அதே ஒன்பது விநாடி.

எழுத வந்ததில் தொடக்கத்து ஒரு துளியை மட்டும் லாக் பிடித்து வைக்கும். கால் விநாடி. மீதியெல்லாம் போய்விட்டது. நான்தான் பதினொரு தடவையும் தள்ளினேனே!

அந்தக் கால் விநாடியைப் போட்டுக் கேட்டேன். வார்த்தை இல்லை. பேச வாயெடுக்கும் முன் சிட்டு இழுக்கும் மூச்சு.

அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?